பள்ளி திறக்குமுன் வயிறு கழுவிய வழக்கம்

கோடை விடுமுறை முடிய இன்னும் பத்து நாள் இருக்கிறது என்றால், தமிழ்நாட்டுக் கிராமத்து வீடுகளில் ஒரு தலைமுறைக்கு முன்புவரை பிள்ளைகளுக்குப் பேதிக்குக் கொடுக்கும் நாளைக் குறித்துவிடுவார்கள். பை, சிலேட்டு, புதுச் சட்டை எல்லாவற்றுக்கும் முன்பாக முடிக்க வேண்டிய ஏற்பாடு அது. விடியற்காலையில் வெறும் வயிற்றில் ஒரு கரண்டி விளக்கெண்ணெய்; குமட்டாமல் இறங்க அதன் பின்னாலேயே சூடாகச் சுக்குத் தண்ணி; நாக்கில் ஒட்டிய பிசுபிசுப்புப் போக ஒரு துண்டு கருப்பட்டி. சில வீடுகளில் விளக்கெண்ணெய்க்குப் பதிலாக நிலவாகையும் கடுக்காயும் போட்டுக் காய்ச்சிய கஷாயம். முதல் நாள் இரவே வேப்பங்கொழுந்தை அரைத்து, சுண்டைக்காய் அளவு உருட்டி விழுங்க வைப்பதும் உண்டு. உச்சிப் பொழுதுக்குள் ஐந்தாறு தடவை கொல்லைக்குப் போய்வந்த பிள்ளை வாடித் துவண்டு கிடக்கும். பிறகு வெந்நீர், ரசம் விட்டுக் குழையப் பிசைந்த சோறு, கழிச்சல் நிற்காவிட்டால் மோர். அன்றைக்கு வெயிலில் ஆட்டம் கிடையாது, எண்ணெய்ப் பண்டம் கிடையாது. 'வயித்தக் கழுவியாச்சு, இனி பள்ளிக்கூடம் போகலாம்' என்று வீட்டுப் பெரிய மனுஷி சொன்ன பிறகுதான் பிள்ளை புது வகுப்புக்குத் தயாரானதாகக் கணக்கு.

தேனி மாவட்டம் பெரியகுளம் வட்டத்தில் வராக நதியை ஒட்டி இருக்கும் ஜெயமங்கலம் போன்ற ஊரில் வைத்துப் பார்த்தால், இந்த வழக்கத்தின் நியாயமும் குறையும் ஒருசேரப் புலப்படும். இதை மூடப் பழக்கம் என்று தள்ளிவிடுவதும் தவறு. முன்னோர் ஞானம் என்று கும்பிடுவதும் தவறு. நோக்கம் சரியாக இருந்தது: பாடம் ஏற வேண்டுமானால் முதலில் வயிறு சரியாக இருக்க வேண்டும் என்று வீடு அறிந்திருந்தது. காலமும் பெரும்பாலும் சரியாகவே இருந்தது. ஆனால் கையாண்ட வழி நோயைத் தொடவில்லை. அதைவிட முக்கியமாக, பிள்ளையின் வயிற்றைச் சுத்தம் செய்தவர்கள் அந்தப் பிள்ளை நடக்கும் மண்ணை விட்டுவிட்டார்கள். பின்னர் அரசு வந்து உணவும் மாத்திரையும் செருப்பும் கொடுத்தது. அந்த நூறாண்டுக் கதையைத் தொடர்ந்து பார்த்தால் ஒரே பாடம்தான் திரும்பத் திரும்ப வருகிறது: பள்ளிப் பிள்ளையின் ஆரோக்கியத்துக்குப் பாதி மருந்து வயிற்றுக்கு, மறுபாதி மருந்து ஊர் மண்ணுக்கு. இரண்டில் ஒன்றை மட்டும் செய்த போதெல்லாம் பலன் அரைகுறையாகவே கிடைத்தது.

பேதிக்குக் கொடுப்பதன் வேர் பள்ளிக்கூடத்தைவிட மிகப் பழையது. சித்த மருத்துவத்தில் தேரையர் பெயரால் வழங்கும் நோயணுகா விதிகள், நான்கு மாதத்துக்கு ஒரு முறை பேதி மருந்தும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வாந்தி மருந்தும் கொள்ளச் சொல்கின்றன. நோய் வந்த பிறகு பார்ப்பதைவிட வராமல் காப்பது மேல் என்ற எண்ணத்தில் வகுத்த ஒழுங்கு அது; பெரியவர்களுக்கும் சிறியவர்களுக்கும் பொதுவானது. ஆங்கிலேயர் காலத்துப் பள்ளிக்கூடங்கள் ஏப்ரல், மே வெயிலில் மூடி ஜூனில் திறக்கும் ஏற்பாடு நிலைபெற்றபோது, நான்கு மாதக் கணக்கு குடும்பங்களில் மெல்லத் தளர்ந்து, பிள்ளைகளுக்கு ஆண்டுக்கொரு முறை என்று விடுமுறைக் கடைசியில் போய் உட்கார்ந்தது. இதில் வசதியும் இருந்தது. பேதி எடுத்த பிள்ளை ஒரு நாள் முழுக்க வீட்டில் கிடக்க வேண்டும். அதற்குப் பள்ளி நாள் ஆகாது. வீட்டின் பழைய மருத்துவம் அரசின் புதிய காலண்டருக்குத் தன்னைப் பொருத்திக்கொண்டது. பிள்ளை படிக்கப் போகிறது என்பதை ஒட்டி வீடு ஒரு சுகாதார நாளை உண்டாக்கிக்கொண்டது, எந்த அரசாணையும் இல்லாமல்.

அந்த நாள் எதை எதிர்த்து என்று பெரியவர்களைக் கேட்டால் 'வயித்துல பூச்சி' என்பார்கள். நாக்குப்பூச்சி, கீரிப்பூச்சி என்று கண்ணில் பட்டவற்றுக்குப் பெயர் இருந்தது. கண்ணில் படாத கொக்கிப்புழுதான் இவற்றில் கொடியது. அதற்கு ஏற்ற மண் எது என்று தேடினால் ஜெயமங்கலம் வட்டாரத்தின் வேளாண்மையே பதில் சொல்லும். மேற்கு மலையில் பிறந்து பெரியகுளத்தைத் தாண்டிக் கிழக்கே வைகையை நோக்கிப் போகும் வராக நதியின் பாசனத்தில் நெல்லும் கரும்பும் தென்னையும் வாழையும் விளைகின்றன. பெரியகுளம் வட்டாரத்துக்குப் பேர்வாங்கித் தந்த வெற்றிலைக் கொடிக்கால்களும் இருக்கின்றன. கொடிக்காலுக்குள் கால் வைத்தால் வெயில் நின்றுவிடும். அகத்தி மரத்தின் நிழலில், அடிக்கடி தண்ணீர் பாய்ந்து, வரப்பும் வாய்க்காலும் எப்போதும் ஈரமாக இருக்கும். கொக்கிப்புழுவின் முட்டை பொரிந்து இளம்புழு வளர வேண்டியவை நிழல், ஈரம், மிதமான சூடு இவை மூன்றும்தான். இவற்றோடு திறந்தவெளியில் மலம் கழிப்பதும் வெறுங்காலோடு நடப்பதும் சேர்ந்துவிட்டால் புழுவின் வாழ்க்கைச் சுற்று முழுமையடைகிறது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து குடும்பம் குடும்பமாக மலையேறி வேலை செய்த ஏலக்காய்த் தோட்டங்களும் இதே நிழலும் ஈரமும் கொண்டவைதான்.

இந்தப் புழு வாய் வழியாகவே வருகிறது என்றுதான் உலகம் நெடுங்காலம் நினைத்திருந்தது. 1898-இல் கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானிய ஆய்வாளர், தற்செயலாகத் தன் கையில் சிந்திய இளம்புழுக்கள் தோலைத் துளைத்து உடலுக்குள் போவதைக் கண்டார். காலில் நுழையும் புழு ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலில் தங்கிக் கடித்துத் தொங்குகிறது. நுழைந்த இடத்தில் அரிப்பும் சிறு கொப்புளமும் எழும். வயல்காட்டில் அந்த அரிப்பையும் சேற்றுப்புண் கணக்கில் சேர்த்து மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவிவிட்டு மறந்துவிடுவார்கள். காலில் தொடங்கிய சங்கதிக்கும் ஆறு மாதம் கழித்துப் பிள்ளை வெளுத்துச் சோர்வதற்கும் தொடர்பு இருக்கிறது என்று எந்த வீடும் ஊகித்திருக்க முடியாது. வீட்டு வைத்தியத்தின் குறைக்கு இதுதான் அடிப்படைக் காரணம். கண்ணுக்குத் தெரிந்த வயிற்றை அது கவனித்தது. கண்ணுக்குத் தெரியாத கால்வழியை அது அறியவில்லை.

இந்தப் புழு செய்யும் கேட்டைக் கணக்காகப் பார்ப்பது நல்லது. இந்தியாவில் காணும் இரு வகைக் கொக்கிப்புழுக்களில் சிறிய வகை நாளொன்றுக்குச் சுமார் 0.03 மில்லிலிட்டர் ரத்தம் குடிக்கிறது. பெரிய வகை அதைப்போல் ஐந்து மடங்கு. சிறிய வகையில் நூறு புழு இருந்தால் நாளுக்கு 3 மில்லிலிட்டர். ஏற்கெனவே சோகை உள்ள பிள்ளையின் ரத்தத்தில் அந்த அளவுக்குள் ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் இரும்பு இருக்கும். அதில் ஒரு பகுதியைக் குடல் திரும்ப உறிஞ்சிக்கொண்டாலும், சோறும் குழம்பும் சாப்பிடும் ஏழைப் பிள்ளை அன்றன்றைக்கு உணவிலிருந்து பெறும் இரும்பில் பெரும்பங்கு இப்படியே போய்விடுகிறது. இரும்பு குறைந்த பிள்ளைக்கு மண் தின்னும் ஆசை வரும். 'மண்ணு திங்குது, வயித்துல பூச்சி இருக்கு' என்று கிராமத்தில் சொல்வது வெறும் பேச்சில்லை. சோகைக்கும் மண் தின்பதற்கும் உள்ள தொடர்பை மருத்துவமும் ஒப்புக்கொள்கிறது. அந்த மண்ணோடு உருண்டைப்புழுவின் முட்டையும் வயிற்றுக்குள் போகும். ஒரு பெண் உருண்டைப்புழு நாளொன்றுக்கு இரண்டு லட்சம் முட்டை வரை இடக்கூடியது. ஒரு புழு கொண்டுவந்த சோகை இன்னொரு புழுவுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. வகுப்பில் இப்படிப்பட்ட பிள்ளை மந்தம், சோம்பேறி, படிப்பு ஏறாதது என்று பெயர் வாங்கியது. அந்தப் பெயரோடு பள்ளியைவிட்டு நின்றுபோன பிள்ளைகள் எத்தனையோ.

விளக்கெண்ணெய் இதில் எவ்வளவு உதவியது? எண்ணெயில் உள்ள அமிலம் குடலைத் தூண்டி வேகமாக அசையச் செய்கிறது, அவ்வளவுதான். குடலில் மிதந்து திரியும் உருண்டைப்புழு சில வெளியே வரலாம். அப்படி வந்ததைக் கண்ணால் பார்த்த வீட்டாருக்கு மருந்தின் மேல் நம்பிக்கை வலுத்தது இயல்பே. குடல் சுவரைக் கவ்விக்கொண்டிருக்கும் கொக்கிப்புழுவை அந்த வேகம் அசைக்காது. பேதி மருந்து புழுவைக் கொல்வதில்லை என்பது பழைய மேலை மருத்துவத்துக்கும் தெரியும். சான்டோனினோ சினோபோடியம் எண்ணெயோ கொடுத்துப் புழுவை மயக்கிய பிறகு அதை வெளியேற்றத்தான் பேதி உப்பு கொடுத்தார்கள். ஆபத்தும் இருந்தது. மெலிந்த பிள்ளைக்கு நீர் வற்றிப்போகும். உருண்டைப்புழுக்கள் திரண்டு குடலை அடைத்திருக்கும் பிள்ளைக்கோ குடல்வால் அழற்சி உள்ள பிள்ளைக்கோ பேதி மருந்து உயிருக்கே உலை வைக்கும். இன்றைய குழந்தை மருத்துவர்கள் இதை வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, அந்தச் சொல்லை மீறக் கூடாது.

வீட்டுக்கு வெளியே இந்தப் புழுவோடு நடந்த போராட்டம் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் தொடங்கியது. 1909-இல் தொழிலதிபர் ராக்பெல்லர் பத்து லட்சம் டாலர் கொடுத்து நிறுவிய ஆணையம், அங்கே பள்ளிப் பிள்ளைகளில் ஏறக்குறைய பத்துக்கு நான்கு பேருக்குக் கொக்கிப்புழு இருப்பதைக் கண்டு சிகிச்சை அளித்தது. பல ஆண்டுகளுக்குப் பின் பொருளாதார அறிஞர் ஹோய்ட் பிளேக்லி அந்த மாவட்டங்களின் பதிவேடுகளை ஆராய்ந்து, புழு மிகுந்திருந்த இடங்களில் சிகிச்சைக்குப் பிறகு பள்ளிச் சேர்க்கையும் வருகையும் எழுத்தறிவும் கூடுதலாக உயர்ந்ததை 2007-இல் வெளியிட்டார். அந்த ஆணையத்தின் வழிவந்த ராக்பெல்லர் அமைப்பு 1920-களில் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. இங்கே அதன் மருத்துவர்களுக்குக் கிடைத்த பாடம் கசப்பானது. மருந்து கொடுத்தால் புழு இறங்குகிறது. கழிப்பிடம் இல்லாத ஊரில் அடுத்த மழைக்குள் மீண்டும் ஏறிவிடுகிறது. 1930-களில் துளைக்கழிப்பிடம் என்ற எளிய முறையை இந்தியாவில் கொண்டுவர அந்த அமைப்பு முனைந்தது இதன் விளைவுதான். கையால் சுழற்றும் துரப்பணத்தால் தரையில் ஆழமாகத் துளையிட்டு, மேலே ஒரு பலகையை வைத்துவிட்டால் கழிப்பிடம் தயார். மருந்தை மட்டும் நம்பி வந்தவர்கள் கடைசியில் மண்ணைத் தோண்ட வேண்டியிருந்தது என்பதே இந்தக் கதையின் சாரம்.

அதே காலத்தில் பள்ளிக்கூடம் பிள்ளையின் வயிற்றுக்குப் பொறுப்பேற்கத் தொடங்கியது. 1909-இல் பரோடா நகரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை நடந்தது. இந்தியாவில் அதுவே முதல். சென்னை மாநகராட்சி 1920-இல், பிட்டி தியாகராயர் தலைமையில், ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவில் பகலுணவு கொடுக்கத் தீர்மானித்தது. முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டசபையில் மாணவர்களுக்கு முறையான மருத்துவப் பரிசோதனை வேண்டுமென்று வாதாடினார். 1946-இல் வெளிவந்த போர் (Bhore) குழு அறிக்கை பள்ளிச் சுகாதாரப் பணியைத் தனியே வற்புறுத்தியது. சுதந்திரத்துக்குப் பின் காமராஜர் 1956-இல் மதிய உணவை மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார். எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1-ஆம் தேதி சத்துணவாக அதை விரித்தார். 1989-இல் முட்டை சேர்ந்தது. 2022-இல் காலை உணவுத் திட்டம் மதுரையில் தொடங்கியது. பசியோடு வரும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்ற நியாயத்தை இந்த நாட்டிலேயே முதலில் செயலாக்கிக் காட்டிய மாநிலம் தமிழ்நாடு. அந்தப் பெருமையை யாரும் குறைக்க முடியாது. ஆனால் புழு நிறைந்த வயிற்றுக்குப் போடும் சோறு ஓட்டைப் பானையில் ஊற்றும் தண்ணீர். பசியைக் கண்ட அரசு, புழுவைக் காண இன்னும் சில பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டது.

புழுவைக் காணும் அந்தக் கண் திறந்த இடம் பழைய மதுரை மாவட்டம் என்பது தேனிக்காரர்களுக்கு நினைவிருக்க வேண்டிய செய்தி. தேனி தனி மாவட்டம் ஆனது 1996-இல். அதுவரை பெரியகுளமும் கம்பமும் மதுரையைச் சேர்ந்தவை. உலக வங்கி உதவியோடு 1980-இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், மதுரை மாவட்டத்தின் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில்தான் முதலில் நடைக்கு வந்தது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டு, எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் சத்து உருண்டை கொடுப்பது அதன் முறை. அதோடு வைட்டமின் ஏ சொட்டு மருந்தும் குடற்புழு மருந்தும் சேர்த்துத் தரப்பட்டன. எடை அட்டையில் கோடு மேலே ஏறாவிட்டால் ஏன் என்று தாயோடு உட்கார்ந்து பேசுவதும் அந்தப் பணியாளரின் கடமை. உணவு, மருந்து, தாயின் அறிவு மூன்றையும் ஒரு கயிற்றில் கட்டிய அந்த முயற்சியில் வீட்டின் பழைய அக்கறைக்கு இடம் இருந்தது. 2015 பிப்ரவரி 10 அன்று தேசிய குடற்புழு நீக்க நாள் தொடங்கியபோது முதல் சுற்றில் சேர்ந்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. இப்போது ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடியிலும் பள்ளியிலும் பிள்ளைகளுக்கு 400 மில்லிகிராம் அல்பெண்டசோல். ஒன்று முதல் இரண்டு வயது வரையிலான குழந்தைக்குப் பாதி மாத்திரை. கூட்டமும் வரிசையும் பெயர்ப் பட்டியலும் சத்துணவுக்காக ஏற்கெனவே அமைந்திருந்ததால், மதியச் சாப்பாடு முடிந்த கையோடு மென்று விழுங்கச் சொல்லி ஒரே நாளில் மாத்திரையைக் கொடுத்துவிட முடிந்தது. மருந்து புழுவுக்குச் சர்க்கரை சேராமல் தடுத்துப் பட்டினி போட்டுக் கொல்கிறது. பேதியும் இல்லை, வாடிக் கிடப்பதும் இல்லை. வழியைப் பொறுத்தவரை விளக்கெண்ணெய் தோற்று ஓய்வுபெற வேண்டியதுதான்.

இங்கே ஒரு கேள்வி எழும். தோற்றுப்போன, ஆபத்தான வழக்கத்தை ஏன் இவ்வளவு நேரம் பேச வேண்டும்? அதை நினைவூட்டினால் யாராவது திரும்பப் பிள்ளைக்கு விளக்கெண்ணெய் புகட்டிவிட மாட்டார்களா? இந்த அச்சம் நியாயமானது. ஆகையால்தான் வழி தவறு என்று ஐயத்துக்கு இடமின்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. வழியோடு சேர்த்து நாம் இழந்தது இன்னொன்று: பிள்ளையின் உடம்பைப் பள்ளி ஆண்டுக்குத் தயார் செய்வது வீட்டின் கடமை என்ற நினைப்பு. மாத்திரை பள்ளியில் கிடைக்கிறது, சோறு பள்ளியில் கிடைக்கிறது. வீட்டுக்கு இனி வேலையில்லை என்ற மனநிலை மெல்லப் படிந்துவிட்டது. குடற்புழு நீக்க நாளில் மயக்கம், வாந்தி என்று வதந்தி கிளம்பினால், அந்த மாத்திரை எதற்கு என்று அறியாத தாய்தகப்பன் பயந்துபோய்ப் பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொள்கிறார்கள். தான் பங்கேற்ற வைத்தியத்தை வீடு நம்பியது. தனக்குத் தெரியாமல் நடக்கும் வைத்தியத்தை எப்படி நம்பும்? பழைய வழக்கத்திலிருந்து மீட்க வேண்டியது அந்தப் பங்கேற்பையும் அந்த நாளையும்தான். நாளிலும் பொருள் இருக்கிறது. மே மாதக் கடும் வெயிலில் மண் காய்ந்து, அதில் கிடக்கும் இளம்புழுக்கள் மடிகின்றன. ஜூனில் தென்மேற்குச் சாரல் தொடங்குகிறது; அணையில் நீர் இருக்கும் ஆண்டுகளில் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்கு ஜூன் முதல் தேதி பெரியாறு தண்ணீர் திறக்கிறார்கள். அன்றிலிருந்து கார்த்திகைப் பெருமழை ஓயும்வரை மண் ஈரம்தான். ஈரம் தொடங்கும் முன்பே ஊரைத் தயார் செய்வது அறிவுடைய காரியம்.

இரண்டாவது மறுப்பு ஆய்வு சார்ந்தது, கனமானது. குடற்புழு மாத்திரையால் உண்மையில் பலன் உண்டா என்பதே ஆய்வுலகில் வழக்காக இருக்கிறது. கென்யாவின் புசியா மாவட்டத்தில் 75 பள்ளிகளில் நடந்த ஆய்வை எட்வர்ட் மிகுவேலும் மைக்கேல் கிரெமரும் 2004-இல் வெளியிட்டு, மாத்திரை கொடுத்த பள்ளிகளில் வராத பிள்ளைகள் கால் பங்கு குறைந்ததாகக் காட்டினார்கள். 2015-இல் வேறு அறிஞர்கள் அதே தரவுகளை மீண்டும் அலசி முடிவைக் கேள்விக்குள்ளாக்கினார்கள். உத்தரப்பிரதேசத்தில் பத்து லட்சம் குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 2013-இல் வெளியாகி, மாத்திரையால் இறப்பு விகிதத்தில் மாற்றம் தெரியவில்லை, எடையிலும் பெரிய ஏற்றம் இல்லை என்றது. இவற்றை மறைத்துவிட்டு மாத்திரையைப் புகழ்வது நேர்மையாகாது. ஆனால் இந்த முடிவுகள் சொல்வது எதை? புழு இல்லாத பிள்ளையும் லேசாக உள்ள பிள்ளையும் மிகுதியாக உள்ள பிள்ளையும் சேர்ந்த கூட்டத்துக்கு மொத்தமாக மாத்திரை கொடுத்து சராசரி பார்த்தால் பலன் சிறிதாகவே தெரியும். நூறு கொக்கிப்புழுவைச் சுமக்கும் ஒரு பிள்ளைக்கு அது கொண்டுவரும் மாற்றம் அந்தச் சராசரியில் கரைந்துவிடுகிறது. இன்னொரு காரணம் மறுதொற்று. ஒரு வேளை அல்பெண்டசோல் உருண்டைப்புழு உள்ளவர்களில் நூற்றுக்குச் சுமார் 95 பேரையும் கொக்கிப்புழு உள்ளவர்களில் சுமார் 80 பேரையும் குணப்படுத்துகிறது. சாட்டைப்புழுவில் 30 பேரை மட்டும். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2012-இல் வெளியான கணக்கின்படி, மருந்து கொடுத்து ஓராண்டு கழித்துப் பார்த்தால் உருண்டைப்புழுத் தொற்று பழைய அளவில் 94 விழுக்காட்டை எட்டிவிடுகிறது. கொக்கிப்புழு பாதிக்கு மேல் திரும்பிவிடுகிறது. மாத்திரை பலிக்கவில்லை என்று சொல்லும் எண்கள் உண்மையில் மண்ணைப் பற்றிப் பேசுகின்றன. 1920-களில் ராக்பெல்லர் மருத்துவர்கள் சென்னை மாகாணத்தில் கண்டதையே நவீன ஆய்வும் நூறாண்டு கழித்துத் திரும்பக் கண்டிருக்கிறது.

மூன்றாவதாக, இந்தப் பேச்செல்லாம் பழங்கதை என்று சொல்லலாம். இன்று ஜெயமங்கலத்திலும் வீட்டுக் கழிப்பறை இருக்கிறது, பிள்ளைகள் செருப்புப் போடுகிறார்கள். 2010-களில் அரசே பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லாக் காலணி கொடுக்கத் தொடங்கிவிட்டது. இன்றைய பள்ளி ஆண்டுக்குத் தயார் செய்ய வேண்டியவை கண் பார்வை, பல், டெங்கு, கைப்பேசி முன் கழியும் இரவு, பாக்கெட் தின்பண்டம் என்பார்கள். பாதி உண்மை. தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை 1985-இல் வந்ததற்குப் பின் பள்ளிப் பிள்ளைகளின் கண்ணைச் சோதிப்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதில்லை. அது பெருக வேண்டும். ஆனால் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளில் 57 விழுக்காட்டினருக்குச் சோகை இருந்தது. அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் அது 51 விழுக்காடு. குறைய வேண்டிய எண் கூடியிருக்கிறது. அந்தக் குழந்தைகள்தான் இன்று ஆரம்பப் பள்ளி வகுப்புகளில் இருக்கிறார்கள். சோகைக்குப் புழு மட்டும் காரணமில்லை என்பது சரி. கீரையும் முட்டையும் எட்டாத தட்டும், தாயின் சோகையும் பெரிய காரணங்கள். ஆயினும் அதே கணக்கெடுப்பில் மேம்பட்ட கழிப்பிட வசதி உள்ள வீடுகளில் வாழ்வோர் சுமார் 73 விழுக்காடுதான். நாலில் ஒருவர் வெளியே நிற்கும் நிலையில் மண் சுத்தமாகிவிட்டது என்று சொல்வது அவசரம். செருப்பும் பள்ளி வாசலில் கழற்றப்படுகிறது; விளையாட்டு மைதானத்திலும் வாய்க்கால் கரையிலும் தோட்டத்திலும் கால் இன்னும் வெறுங்கால்தான்.

இதைச் செய்து முடித்த நாடு ஒன்று உண்டு. இரண்டாம் உலகப்போர் முடிந்த ஜப்பானில், மனித மலத்தை வயலுக்கு உரமாகப் போட்டு வந்த நாட்டில், மக்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் உருண்டைப்புழு இருந்தது. அங்கே பள்ளிக்கூடத்தையே மையமாக வைத்துப் பிள்ளைகளின் மலத்தைப் பரிசோதித்தார்கள். தொற்று உள்ளவருக்கு மருந்து கொடுத்து, மீண்டும் பரிசோதித்தார்கள். அதே ஆண்டுகளில் மலத்தை உரமாக்கும் பழக்கம் ஒழிந்து, கழிவுநீர் ஏற்பாடு பெருகியது. பெற்றோர் சங்கங்கள் இதில் கைகோத்தன. 1970-களில் தொற்று நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே போய்விட்டது. மருந்து புதிதல்ல, கழிப்பிடமும் புதிதல்ல. இரண்டையும் ஒரே காலத்தில், ஒரே ஊரில், வீடும் பள்ளியும் சேர்ந்து நடத்தியதுதான் வேறுபாடு. தமிழ்நாட்டில் இவை எல்லாம் இருக்கின்றன. ஆனால் உணவு ஒரு துறையிடம், மாத்திரை ஒரு துறையிடம், காலணி ஒரு துறையிடம், கழிப்பறை ஒரு துறையிடம் என்று தனித்தனியாக இருக்கின்றன. ஒரு பிள்ளையின் உடம்பில் மட்டும்தான் அவை சந்திக்கின்றன.

அவற்றைச் சேர்த்துக் கட்டும் இடம் ஊராட்சி. மே முதல் தேதி தமிழ்நாடு முழுக்கக் கிராம சபை கூடுகிறது. பள்ளி திறக்க அன்றைக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கும். வீட்டுப் பெரியவர்கள் விளக்கெண்ணெய்க் கரண்டியோடு செய்த ஆயத்தத்தை ஊர் செய்வதற்கு அதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது. பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, கைகழுவும் இடத்தில் சோப்பு உண்டா, மேல்நிலைத் தொட்டியைக் கடைசியாகக் கழுவியது எப்போது, பிள்ளைகள் விளையாடும் இடத்தில் யாரும் மலம் கழிக்கிறார்களா, எந்த வீட்டில் இன்னும் கழிப்பறை இல்லை, போன ஆண்டு மாத்திரை நாளில் எத்தனை பிள்ளை வரவில்லை, ஏன் வரவில்லை என்ற கேள்விகளை அந்தச் சபையில் தலைமையாசிரியரும் சத்துணவு அமைப்பாளரும் கிராம சுகாதாரச் செவிலியரும் இருக்கையில் கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டும். மாத்திரை எப்படிப் புழுவைக் கொல்கிறது, கால்வழி எப்படி வருகிறது என்பதைத் தாய்மாருக்கு விளக்க அதுவே நல்ல மேடை. பிறகு வீடு தன் பங்கைச் செய்யும்: நகம் வெட்டும், செருப்புப் போடச் சொல்லும், தட்டில் முருங்கைக் கீரையும் முட்டையும் வைக்கும், வெளுத்துச் சோர்ந்த பிள்ளையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய் ரத்தம் பார்க்கும். பிள்ளையின் உடம்பைத் தயார் செய்யாமல் பள்ளிக்கு அனுப்பக் கூடாது என்று முந்தைய தலைமுறை நினைத்தது சரி. மண்ணைத் தயார் செய்யாமல் எந்தப் பிள்ளையின் உடம்பையும் தயார் செய்ய முடியாது என்பதை நாம் இப்போது ஐயமில்லாமல் அறிவோம். அறிந்த பிறகும் செய்யாதிருக்க நமக்கு எந்தச் சமாதானமும் இல்லை.